வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

உங்கள் ஸ்டேஷன் டீ பரவாயில்லை ஐயா. எங்கள் ஆசிரியர் அறையில் தருவது வெறும் கழுநீர்.

தொலைக்காட்சியில் வாய் கிழியப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செல்போன் கெடுத்துவிட்டதாம், சினிமா கெடுத்துவிட்டதாம், வீட்டில் வளர்ப்பு சரியில்லையாம். இவர்களில் ஒருவராவது எட்டாம் வகுப்பில் ஒரு பீரியடு நின்றிருப்பாரா? நான் விளையாட்டு ஆசிரியன். பள்ளியின் ஒழுங்குப் பொறுப்பும் என் தலையில்தான். பையன்கள் முட்டிக்கொண்டால், "நீங்களே பாத்துக்குங்க சார், என் காதுக்கு வரக் கூடாது" என்பார் தலைமையாசிரியை. பள்ளியின் பெயர் கெடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

பார்த்துக்கொண்டேன். சண்டை போட்ட இருவரையும் விளையாட்டுச் சாமான் அறைக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போடுவேன். சத்தம் ஓய்ந்ததும் திறப்பேன். சட்டைப் பொத்தான் அறுந்திருக்கும், உதடு வீங்கியிருக்கும், மற்றபடி பெட்டிப்பாம்பாக வெளியே வருவார்கள். மற்ற ஆசிரியர்களும் தங்கள் வகுப்புப் பையன்களை என்னிடம் அனுப்பத் தொடங்கினார்கள். இன்று அவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாதாம்.

இந்தச் சின்னவனை எல்லோரும் எலி என்பார்கள். அதே வகுப்பில் படித்த பெரியவன் இவன் சாப்பாட்டைப் பிடுங்குவான், கழிப்பறையில் தலையைப் பிடித்து அமுக்குவான். எலி வந்து வந்து என்னிடம் அழுதான். எனக்கு அலுத்துப்போயிற்று. போன திங்கட்கிழமை இருவரையும் அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"சார், நான் சண்டையே போடலை சார். அவன்கூட மட்டும் வேணாம் சார்," என்றான் எலி.

"எத்தனை நாளைக்கு அழுவே? உள்ள கிரிக்கெட் மட்டையெல்லாம் கிடக்கு," என்றேன்.

பெரியவன் சிரித்தான். அவனுக்கு எப்போதும் இளக்காரம்தான். நான் கொஞ்சம் காலை இழுத்து நடப்பேன். அதை வகுப்பில் நடித்துக் காட்டுவான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் எலி அலறினான். அது எனக்குப் பழகிய சத்தம். பிறகு மட்டைச் சத்தம் கேட்டது. அப்புறம் கதவை அடித்து, "திறங்க சார், செத்துடுவேன் சார்," என்று கத்தியது பெரியவன். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என் கை தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் படட்டும் என்று நின்றேன். மனதுக்கு இதமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்?

திறந்தபோது எலி மட்டையோடு நின்றான்.

"அடிச்சுட்டேன் சார்," என்றான், வீட்டுப்பாடம் காட்டுகிறவனைப் போல.

அவனைக் கொலைகாரன் என்று பேப்பரில் போடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. பையன் என் பேச்சைக் கேட்டான், அவ்வளவுதான். தாழ்ப்பாளைப் போட்டது நான். கேட்டுக்கொண்டே திறக்காமல் நின்றதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பெரியவனின் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் ஐயா. இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையையும் நான் கைநீட்டி அடித்ததில்லை.