ஓகஸ்டில் எண்பத்திரண்டு மில்லிமீற்றர் மழை கண்ட வீரசிங்கம் ஐயாவுக்கு

கருமுகில் கைவிட்ட காலத்தும் கணக்கைக் கைவிடாத கடமைக் கோமானே! பதிவேட்டுப் பயிர் வாடாது காத்த பண்பாளரே! உழவர் குறை கேட்டு உள்ளம் உருகி, உருகியபடியே பகலுணவுக்கு எழுந்தருளிய உத்தமரே! முப்பத்தோராண்டுச் சேவை முடித்து, இன்று மாலை நான்கு மணிக்கு நாற்காலி துறக்கும் விவசாய அதிகாரி வீரசிங்கம் ஐயா அவர்களே! ஹல்துமுல்லைச் சரிவின் மரக்கறிச் செய்கையாளர்கள் வணங்குகிறோம்.

தங்கள் புகழுக்கெல்லாம் முடியாய் விளங்குவது தாங்கள் பெய்வித்த மழை. அதை நேரில் கண்டவர் சந்திரகாந்தி. முன்வரிசையில் மடியில் பொலித்தீன் பையோடு இருக்கிறார், பாருங்கள்.

சித்திரை மழை இப்போதெல்லாம் நினைத்தால் வருகிறது, நினைக்காவிட்டால் இல்லை. இவ்வருடம் வைகாசியோடு வானம் கதவைச் சாத்திக்கொண்டது. அவருடைய அரை ஏக்கரில் போஞ்சி பூவோடு கருகியது. தக்காளி கோலிக்குண்டு அளவில் நின்றுபோனது. ஓடையிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்தார்; ஓடையும் வற்றியது. வறட்சிச் சான்று கிடைத்தால் விதை தருவார்கள், பவுசர் வண்டியில் தண்ணீர் வரும் என்று மேட்டிலுள்ள தங்கள் அலுவலகம் ஏறினார். தாங்கள் பதிவேட்டைத் திறந்தீர்கள்.

“ஓகஸ்ட்ல எண்பத்திரண்டு மில்லிமீற்றர் பெஞ்சிருக்கும்மா. வறட்சின்னு நான் எப்படி எழுதுறது?”

“எங்க காட்டுல ஒரு சொட்டு விழலீங்க ஐயா. நீங்க சொல்ற மழை யாரு தலையில பெஞ்சிச்சு?”

“பதிவேடு பொய் சொல்லாது!”

வெளியே வந்து முற்றத்தில் அமர்ந்தார் சந்திரகாந்தி. அங்கேதான் அந்த அதிசயம். வெளியில் நின்ற மழைமானியை, நனையாமல் எட்டிப் பார்த்து எழுதுவதற்காகத் தாங்கள் ஜன்னலடிக்கு மாற்றியிருந்தீர்கள். சுற்றிலும் அந்தூரியம் பூச்சட்டிகள். அலுவலக உதவியாளர் கந்தப்பன் ஹோஸ் பைப்பைப் பிடித்துச் சட்டிகளை நனைத்தார். மழைமானியும் நனைந்தது, அதன் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது.

“அண்ணே, அதுக்குள்ளயும் தண்ணி விழுதே!”

“விழட்டும் தங்கச்சி. காஞ்சு கெடந்தா ஐயா எழுதுறதுக்கு என்ன இருக்கு?”

அந்தூரியத்துக்கு அன்றாடம் அடைமழை! அரை ஏக்கர் போஞ்சிக்கு அனல்! சந்திரகாந்தி ஜன்னல் வழியே கூவிச் சொன்னார். தாங்கள் எட்டிப் பார்த்தீர்கள், தண்ணீரைக் கண்டீர்கள், “எழுதுனது எழுதுனதுதான்” என்று அருளினீர்கள். அடுத்த கிழமை காலநிலை மாற்றம் பற்றிய கருத்தரங்கில், போத்தல் தண்ணீரைப் பருகியபடி, “விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது” என்றும் முழங்கினீர்கள். ஐயா, வானம் மாறியது எங்கள் குற்றமா? மாறிய வானத்தை ஹோஸ் பைப்பால் மறைத்தது யார் குற்றம்?

சந்திரகாந்தி சும்மா இருக்கவில்லை. பதுளை மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினார். பஸ் ஏறிப்போய்க் கேட்டார். பதில் அந்தப் பொலித்தீன் பைக்குள் இருக்கிறது: பிழையான பதிவை, அதை எழுதிய அதிகாரியே பதவியிலிருக்கும்போது வெட்டித் திருத்திக் கையொப்பமிடலாம், பின்னால் வருபவர் தொட முடியாது. ஆக, இன்று நான்கு மணி தாண்டினால் அந்த எண்பத்திரண்டு மில்லிமீற்றரும் காலத்துக்கும் பெய்த மழை. ஒக்டோபர் மழைக்கு முன் விதை இல்லையென்றால், அவர் மண்ணுக்கு இன்னொரு போகமும் இல்லை.

எனவே, பெருந்தகையீர், பொன்னாடைக்குப் பதிலாகத் தங்கள் பதிவேட்டையே ஓகஸ்ட் பக்கம் விரித்து மேசைமேல் வைத்திருக்கிறோம். பேனையைக் கந்தப்பன் அண்ணன் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த எண்பத்திரண்டை வெட்ட ஒரு கோடும் ஒரு கையொப்பமும் போதும்.

போட்டால், நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று நாற்பத்தாறு குடும்பமும் வாயார வாழ்த்துவோம். இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. ஆனால் கண்ணாடியை இன்னும் பூட்டவில்லை.

இங்ஙனம்,

(தாங்கள் முதலில் பதிவேட்டில் கையொப்பம் போடுங்கள். சந்திரகாந்தியிலிருந்து தொடங்கி நாங்கள் இங்கே போடுகிறோம்.)