பல் டாக்டர் ஆயில் மாத்தின கதை

அந்த ஆயில் ஃபில்டர எனக்கு வித்தான் பாருங்க, அவனத்தாண்ணே மொதல்ல இந்த லாரியில கட்டி இழுத்துட்டுப் போகணும்! பைக்கு என்ன பாவம் பண்ணுச்சு, சொல்லுங்க? பின்னாடி நல்லா இறுக்கிக் கட்டியிருக்கீங்கல்ல? ஆடற மாதிரி இருக்கே... சரி சரி, நீங்க ரோட்டப் பாருங்க. தெனம் பத்து வண்டி தூக்கறவருக்கு நான் பாடம் எடுக்கறேன்.

சீட்டப் பத்திக் கவலப்படாதீங்க, பேப்பர் விரிச்சுத்தான் உக்காந்திருக்கேன். எண்ணெய் முதுகுப்பக்கம் வரல, முன்னாடி மட்டும்தான். பேன்ட்டு, ஷூ, அப்புறம்... எப்படிப் போச்சோ தெரியல, காதுக்குள்ள.

நான் பல் டாக்டருண்ணே. இருபத்திரெண்டு வருஷமா. அதான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், தப்பா நெனக்காதீங்க. என்கிட்ட வர்றவங்க எல்லாரும் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் கெடப்பாங்க, ஆனா ஒரு வார்த்த பேச முடியாது. நான் பேசுவேன், அவங்க 'ஆ... ஆ...'ம்பாங்க. அதையே ஆமாம்னு எடுத்துக்குவேன். பழகிப்போச்சு. நீங்களும் அப்படியே இருங்க, பரவால்ல.

பைக்கு என்னுதுன்னா நெனச்சீங்க? ஐயோ! இந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டு அதுமேல குப்புறப் படுத்து ஓட்டவா? அது எங்க வீட்டம்மாவோடது. ஆமாண்ணே, என்ன அப்படித் திரும்பிப் பாக்கறீங்க? ரோடு, ரோடு! ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சர். நாப்பத்தி மூணு வயசு. அந்த வயசுல மத்தவங்க மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்குவாங்க, இவ எஞ்சினுக்கு வாங்கறா. நானா தடுக்கறவன்? ஓட்டும்மான்னுட்டேன். நான் சொல்லி அவ எதக் கேட்டா, இதக் கேக்கறதுக்கு?

நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அவ ரேஸ் டிராக்ல ஓட்டணும். போட்டியெல்லாம் இல்ல, பழகறதுக்கு. பொம்பளைங்க மட்டும் இருபது பேரு. ஒரு வருஷமா பேரு குடுத்துட்டுக் காத்துக் கெடந்தா. அதுக்காகப் புது ஆயில், வாஷர், எவ்வளவு இறுக்கணுமோ அவ்வளவு இறுக்கினதும் 'டக்'குன்னு சத்தம் குடுக்கற ஸ்பேனரு, எல்லாத்தையும் வாங்கி ஒரு பையில போட்டு வெச்சிருந்தா. இன்னிக்கு ஸ்கூல்ல பேப்பர் திருத்தற வேல. சாயங்காலம் வந்து அவளே மாத்தறதாத் திட்டம். என்கிட்ட நேத்து சொன்னது ஒரே ஒரு வேலதான். கிளினிக்லேருந்து வர்ற வழியில ஃபில்டர் மட்டும் வாங்கிட்டு வாங்க. அதையும் சீட்டுல எழுதிக் குடுத்தா, நான் வேற எதையாச்சும் வாங்கிடுவேன்னு.

இதுல என் மச்சான், அவ தம்பி, நேத்து சாப்பிடறப்போ சொல்றான்: 'அத்தான், உங்களுக்கு வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாத்தவே ஆள் வேணும். அக்கா வண்டி பக்கம் போயிடாதீங்க.' எல்லாரும் சிரிச்சாங்கண்ணே. என் பொண்டாட்டி சிரிக்கல... தண்ணி குடிச்சா. தண்ணி குடிக்கற மாதிரி சிரிச்சா. எனக்குத் தெரியாதா?

சுள்ளுனு வந்துச்சு. யாரப் பாத்து? கடவாப் பல்ல வேரோட எடுக்கறவன் நான். ஒரு நட்டக் கழட்ட மாட்டேனா?

இன்னிக்குக் காலைல அவ கெளம்பினதும் கார் பார்க்கிங்ல எறங்கிட்டேன். மொதல்ல அடியில இருக்கற பிளாஸ்டிக்கக் கழட்டணும். பதினாலு ஸ்குரூ. திரும்பப் போட்டப்போ பதிமூணுதான் இருந்துச்சு, அத விடுங்க. எஞ்சினக் கொஞ்சம் சூடு பண்ணினாத்தான் பழைய ஆயில் சுலபமா எறங்கும்னு வீடியோல சொன்னான். பண்ணினேன். ஆனா 'கொஞ்சம்'னா எவ்வளவுன்னு அவன் சொல்லணுமா வேண்டாமா? ஆயில் எறங்கற ஓட்டைய மூடியிருக்கற நட்டு அசையல. ஸ்பேனர் மேல கால வெச்சு ஏறி நின்னேன். பட்டுனு விட்டுச்சு பாருங்க! அடியில துணி ஊற வெக்கிற தொட்டிய வெச்சிருந்தேன். எண்ணெய் நேரா கீழதான விழணும்? அது குழாய்த் தண்ணி மாதிரி வளைஞ்சு, தொட்டியத் தாண்டி, என் கையில! இந்தப் பாருங்க, மணிக்கட்டு. வெந்தே போச்சு.

அப்பவும் விட்டேனா? விடல. வாஷர் மாத்தி, நட்ட ஸ்பேனர்ல இறுக்கி, 'டக்'. பழைய ஃபில்டரக் கழட்டி, புதுசோட ரப்பர்ல ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கையால திருகி... எல்லாம் முறைப்படிண்ணே. ஆயில அளவாத்தான் ஊத்தினேன். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டேன். கீழ ஒரு சொட்டு ஒழுகல! எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்துச்சு.

நான் அங்கயே நிறுத்தியிருக்கணும்.

எங்க நிறுத்தறது? மச்சான் வீட்டு வாசல்ல போய் ஒருதடவ 'விர்ர்'னு முறுக்கிட்டு வரணும்னு ஆசை. அவ ஹெல்மெட்ட மாட்டினேன், தல பாதிதான் போச்சு. ஓட்டிட்டுப் போனேன். மேம்பாலம் ஏறறப்போ முறுக்கினேன் பாருங்க... 'புஸ்ஸ்'ஸுனு ஒரு சத்தம். செவப்பா ஒரு லைட்டு எரிஞ்சுது. நான் என்னமோ வேகமாப் போனா எரியுமாட்டம் இருக்குன்னு நெனச்சேன். பாலம் எறங்கி ரவுண்டானால திரும்பறேன், பின் டயரு எனக்கு முன்னாடி போகுது! வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நல்லவேள, முப்பதுலதான் போனேன். விழுந்த உடனே எஞ்சின் தானா நின்னுடுச்சு. திரும்பிப் பாத்தா பாலத்துலேருந்து ரவுண்டானா வரைக்கும் கறுப்பாக் கோடு போட்டிருக்கு. எதிர்ல துணிக்கடையில வேல செய்யற பொண்ணுங்க எல்லாம் வெளிய வந்து பாக்கறாங்க. அதுல ரெண்டு பேருக்கு நான்தான் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கேன். அந்தக் கம்பி தெரியற மாதிரியே சிரிக்கறாங்க.

இதுக்கெல்லாம் யாரு காரணம்? அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன்! டூப்ளிகேட் ஃபில்டரக் குடுத்துட்டான். ரோட்லயே நின்னு ஃபோனப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். 'நாலு பேரு உயிரு போயிருக்கும், நீயெல்லாம் மனுஷனா'ன்னு கேட்டேன். அவன் 'சார், ஒரிஜினல்தான் சார், ஒரிஜினல்தான் சார்'ங்கறான். அவங்க அப்பாவுக்குப் பல் செட்டு நான்தான் செஞ்சேன். நாளைக்கே அதத் திருப்பிக் கேக்கப் போறேன்!

அவள ரேஸ் டிராக்ல போட்டு உருட்டியிருப்பானே, பாவி!

ஆதாரம் வேணும்ல? அதான் பழைய ஃபில்டர இந்தப் பையிலயே எடுத்துட்டு வந்திருக்கேன். இது கம்பெனி போட்டது. வண்டியில இருக்கறது அவன் குடுத்தது. ஒர்க்ஷாப்புல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா அவன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்.

என்னண்ணே, ஓரமா நிறுத்தறீங்க? பாக்கணுமா? பாருங்க, பாருங்க, நல்லாப் பாருங்க. கை அழுக்காகும்...

என்ன, வெரல வெச்சு ஃபில்டரோட வாய் ஓரத்தத் தடவறீங்க? அங்க ஒண்ணும் இல்லயே.

...இருக்கணுமா?

ரப்பர் வளையமா? பழசுலயும் ஒரு வளையம் இருக்கணுமா? அப்ப இதுல இருந்தது எங்க... கீழ விழுந்திருக்குமோ... இல்ல...

இருங்கண்ணே. ஒரு நிமிஷம்.

கிளினிக்லேருந்து வாய்க்குள்ள பாக்கற கண்ணாடிய எடுத்துட்டு வந்திருந்தேன், ஃபில்டர் ஒக்கார்ற எடத்தப் பாக்கறதுக்கு. பாத்தேன். அங்க கறுப்பா ஒரு வளையம் இருந்துச்சு. நல்லா வட்டமா, பளபளன்னு. அடடா, கம்பெனிக்காரன் என்ன நேர்த்தியாப் பண்ணியிருக்கான்னு நெனச்சு... துணியால தொடச்சு வேற விட்டேன்.

பழைய வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டிருக்கு. அதுமேல நான் புது வளையத்தோட புது ஃபில்டர வெச்சுத் திருகியிருக்கேன். ரப்பர் மேல ரப்பர். சும்மா நிக்கறப்போ தாங்கும். முறுக்கினா பிச்சுக்கும். அப்படித்தானே?

ம்.

கடைக்காரன் அழுதுட்டான்ணே, ஃபோன்ல. கடைசியா 'சார்'னு சொல்றப்போ கொரலு ஒடஞ்சுபோச்சு. இப்பக் கூப்பிட்டா எடுப்பானா? நேர்ல போறேன். நேர்லதான் போகணும்.

உண்மையச் சொல்லட்டுமா? மச்சான் சிரிச்சதுக்காக மட்டும் நான் எறங்கல. அவ அங்க இருநூறுல போவாளாம். இருநூறு! ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல. போகாதன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவு ஆசையா இருக்கா. சரி, போகட்டும், ஆனா அதுல இருக்கற நட்டு போல்ட்டு ஒவ்வொண்ணும் என் கையால இறுக்கினதா இருக்கணும்னு... யாரையும் நம்பாம... நானே பண்ணி...

இன்னிக்கு நான் வீம்புக்கு மேம்பாலம் ஏறாம இருந்திருந்தா, நாளைக்கு அவ டிராக்ல முறுக்கறப்போதான இது பிச்சிருக்கும். முப்பதுல இல்ல.

தண்ணி இருக்காண்ணே? ...நன்றி.

என்ன சொல்றீங்க? ஏத்தறப்பவே டயர உருட்டி எஞ்சின் சுத்துதான்னு பாத்தீங்களா? சுத்துதா! ஆயில் இல்லாம இறுகிப் பிடிச்சுக்கலையா? வளையத்த எடுத்துட்டு, புது ஃபில்டரு, புது ஆயிலு, டயரச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒருதடவ சரி பாத்தாப் போதுமா? ஒர்க்ஷாப்பே வேண்டாமா? அண்ணே, உங்க வாயில சக்கரையக் கொட்ட! வேண்டாம், பல்லுக்கு ஆகாது. நீங்க கிளினிக்குக்கு வாங்க, குடும்பத்துக்கே நான் பாக்கறேன். வண்டிய வீட்டுக்கே விடுங்க.

ஐயய்யோ, அவதான் கூப்பிடறா. என்ன சொல்றது? ஃபில்டர் டூப்ளிகேட்னு... சேச்சே, அது பாவம்.

ஹலோ... ஆமாம்மா... இல்ல, வீட்ல இல்ல. லாரியில. ...லாரியிலதான். பைக்கும் கூட இருக்கு. ...நான்தாம்மா. ஆயில் மாத்தறேன்னு... பழைய வளையத்த எடுக்காம... இல்ல, கடைக்காரன் மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் நான்தான். ...ம். ...ம். ...சரி. ...சரிம்மா.

வெச்சுட்டா.

மொதல்ல 'உங்களுக்கு அடிபட்டுச்சா'ன்னு கேட்டா. இல்லன்னேன். 'நல்லாப் பாத்துச் சொல்லுங்க'ன்னா. பாத்துட்டேன், எங்கயும் இல்லன்னேன். 'எதையும் தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்'னா.  கடைசியா 'அடிபடலன்னா சரி, வீட்டுக்கு வாங்க'ன்னா.

அண்ணே... அந்த 'சரி, வீட்டுக்கு வாங்க' இருக்கே... அவகூட இருவது வருஷம் வாழ்ந்தவனுக்குத்தான் அது புரியும்.

நீங்க ஏன் இவ்வளவு வேகமாப் போறீங்க? பின்னாடி வண்டி கட்டியிருக்குல்ல? மெதுவாப் போங்க. இன்னும் மெதுவா.