பலகைக்குக் காவல்

— கிட்ட வராதீங்க மதினி. பலகையத் தொடப்படாது. சட்டம்னா சட்டம்தான்.

— நல்லா இருக்கு நாயம். குடத்தோட தண்ணிக்கு வந்தவள திருட வந்தவ மாதிரி வெரட்டுற. அண்ணன் பொண்டாட்டின்னு ஒரு மருவாதி வேணாம்? ஒன்னைய இடுப்புல தூக்கித் திரியாததுதான் பாக்கி, மத்தபடி வளத்தவ நானுடா மாயாண்டி.

— வளத்தீங்க, நான் இல்லேங்கல. ஆனா போன தடவ என்ன ஆச்சு? காளியாயி வீட்டு ஆடு நோட்டீசத் தின்னுட்டுப் போயிருச்சு. முழுசா ஒரு மாசம் தொங்கணுங்கிறது பாதியில நின்னு போச்சு. கவுருமெண்டு கச்சேரிக்கு எழுதி, புது நோட்டீசு அடிச்சு, மறுபடி மொதல்ல இருந்து ஒரு மாசம். அதுக்காகத்தானே தொர என்னைய இந்தப் பலகைக்குக் காவலாப் போட்டாரு.

— ஆட்ட ஏன் சொல்ற? மாவுப் பசையால ஒட்டுனவன் நீ.

— அந்தப் பசையக் காய்ச்சித் தந்தது யாரு?

— நாந்தான்.

— அதுல உப்பப் போட்டது யாரு?

— அடுப்புல ஒண்ணு கொதிச்சா உப்புப் போடாம எறக்குவாங்களா? கைப்பழக்கம் தம்பி.

— கைப்பழக்கமா? நான் நக்கிப் பாத்தேன் மதினி. கருவாட்டுக்குக்கூட அம்புட்டு உப்பு போடமாட்டாங்க.

— சரி விடு. அதனால தண்ணி இன்னும் கொஞ்ச நாளு ஓடுச்சுல்ல. அது கெடக்கட்டும். இன்னைக்கோட முடியுதா?

— இன்னைக்கோட சரி. கச்சேரி கிளாக்கர் ஐயா இப்ப வந்துருவாரு. பலகையக் கழட்டிக்கிட்டுப் போயிருவாரு.

— அதுல என்னதான் எழுதியிருக்கு? சொல்லேன். நாலெழுத்து தெரிஞ்சவன் கணக்கா வெறப்பா நிக்கிற.

— எனக்கெங்க எழுத்து. ஐயா படிச்சுக் காட்டுனத மனசுல வச்சிருக்கேன். மேப்பிரிவு ஓடையில அணை கட்டி, பெரிய குழாயில தண்ணியத் தேயில அரைக்கிற ஸ்டோருக்கு எறக்கி, அங்க ஒரு சக்கரத்தச் சுத்தவச்சு கரண்டு எடுக்கப் போறாங்க. எண்ண எஞ்சின் செலவு தொரைக்குக் கட்டுபடி ஆகலையாம். அதுக்கு லைசென்சு கேட்டிருக்காரு. இந்தத் தண்ணியப் பொழங்குறவங்க யாருக்காச்சும் சம்மதம் இல்லேன்னா, கிளாக்கர் ஐயா வர்றப்ப வாயால சொன்னாப் போதும். அவரு எழுதிக்குவாரு.

— இரு, இரு. தொர கேட்டிருக்காரா?

— ஆமா. கவுருமெண்டுக்கிட்ட.

— நல்லா இருக்கு நாயம். இந்த மலையில எதையும் கேக்காம எடுத்தவரு, தண்ணிய மட்டும் கேட்டுத்தான் எடுக்கணுமா?

— சட்டம்னா சட்டம்தான். எம்புட்டு காகிதம் தெரியுமா? மொதல்ல ஒருத்தரு சங்கிலி புடிச்சு அளந்து படம் எழுதுனாரு. அப்பறம் ஒருத்தரு ஓடைக்குக் குறுக்க பலகையடிச்சு, அதுல வாய் வெட்டி, எம்புட்டு தண்ணி வருதுன்னு கோல வச்சுப் பாத்தாரு. கீழ கிராமத்துல வயக்காரங்கள விசாரிச்சு ஒரு காகிதம். அப்பறம் இந்தப் பலகை. எல்லாம் சேந்து கொழும்புக்குப் போயி வரணும்.

— பாவம், அந்த ஓடை இம்புட்டு தூரம் ஓடுனதில்ல. அந்தப் படத்துல நம்ம பீலி இருக்கா?

— பீலியா?

— அதாண்டா, ஒங்கண்ணன் கித்துள் மரத்தக் குடைஞ்சு வச்சது. ஓடைத் தண்ணி நம்ம லயத்து வீடுகளுக்கு எது வழியா வருது? அது படத்துல இருக்கா?

— இல்ல மதினி. நானே கேட்டுட்டேன். ஸ்டோர் இருக்கு, பங்களா இருக்கு. தொரையோட குதிர கட்டுற மடுவமும் இருக்கு. லயத்துப் பீலிய யாரு படத்துல போடுவா.

— அணை எங்க வருது?

— பீலிக்கு மேல. கூப்பிடு தூரம்.

— அப்ப பீலிக்கு?

— மழைக்கு வரும். வெயில் காலத்துல ஈரம் இருக்கும். கீழ் லயத்துக்கிட்ட பைப்பு போட்டுத் தர்றாங்களாம்.

— கொழுந்துக்கூடைய எறக்கி வச்சிட்டு, பள்ளத்துல எறங்கி, குடத்தோட மறுபடி மேல ஏறணும். ஒங்கண்ணன் எத இல்லாம ஆக்குனாரோ அத இவங்க திரும்பக் கொண்டு வர்றாங்க. அந்த மரம் வந்த நாளு ஒனக்கு நெனவிருக்கா?

— அத மறப்பேனா. கீழ கிராமத்துச் சிங்களவரு பட்டுப்போன மரம்னு சும்மா குடுத்தாரு. அண்ணன் முன்பக்கம், நான் பின்பக்கம். எனக்கு மீசைகூட மொளைக்கல. மலையேத்தத்துல பாரம் பூரா பின்னால நிக்கிறவன் தோள்லதான் எறங்கும். அவரு என்னடான்னா முன்னால பாட்டுப் பாடிக்கிட்டே போறாரு. எறக்கி வைக்கையில என் தோள்ல தோலே இல்ல.

— நான் மஞ்சள அரைச்சு பத்துப் போட்டேன். நீ போட்ட கூச்சலு காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்களம் வரைக்கும் கேட்டுச்சு.

— தழும்பு இன்னும் இருக்கு. ஆனா ஒண்ணு மதினி. லயத்துச் சனம் பூரா கஷ்டப்படுதேன்னு ஓடுனவரு அண்ணன் ஒருத்தருதான்.

— லயத்துக்குன்னுதான் கங்காணிக்கிட்ட சொன்னாரு.

— பின்ன?

— நான் துறையூருப் பக்கம் கெணத்துல எறைச்சு வளந்தவ. கல்யாணமாகி இங்க வந்தப்ப, அந்தப் பள்ளத்துல ஒக்காந்து ஒக்காந்துதான் எறங்குவேன். மொத வாரமே வழுக்கி விழுந்து குடத்த ஒடச்சுட்டு அழுதுக்கிட்டு வந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம வாசல்ல மரம் கெடக்கு. அது யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?

— இம்புட்டு வருசமா இத நீங்க சொல்லவே இல்லையே மதினி.

— சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு. விடியக்காலம் அந்தத் தண்ணி தலையில விழுறப்ப நெனச்சுக்குவேன். இப்பவும்தான்.

— எம் பொண்டாட்டி அழகம்மா என்னைய மொதல்ல ஏசுனதே அந்த எடத்துலதான். வரிசையில நின்ன அவ குடத்தத் தள்ளிட்டு என் வாளிய வச்சேன்.

— ஏசுனாளா? வாளியோட சேத்து ஒன்னையும் உருட்டிவிட்டா. லயமே சிரிச்சுச்சு. ஒங்க மக பெரிய மனுசி ஆனப்ப நாந்தான் அங்க வச்சு தலைக்குத் தண்ணி ஊத்துனேன். பீலியடிச் சண்டைக்கு மறுநாளு பேசாம இருந்தவங்களும் அங்கதான் மறுபடி பேசுனோம். நல்லா இருந்தோம் தம்பி. கையில ஒண்ணும் இல்ல, ஆனா நல்லா இருந்தோம்.

— தேயில வெல விழுந்து ஆளுகள ஊருக்கு அனுப்புன வருசம், மூக்கன் குடும்பமெல்லாம் கப்பலேறுனாங்க. அண்ணனுக்கும் பேரு வந்துச்சு. கங்காணி கால்ல விழுந்து இங்கயே நின்னுட்டாரு.

— கேட்டதுக்கு, பீலியில பாசி வழிக்க யாரு இருக்கான்னாரு. பாசி வழிக்கிறதுக்காக ஒரு மனுசன் ஊருக்குப் போகாம இருப்பானா? கடைசியா அவரக் குளிப்பாட்டுனதும் அந்தத் தண்ணிதான்.

— மதினி, மறைக்காம சொல்லுங்க. சம்மதம் இல்லேன்னு சொல்லத்தானே வந்தீங்க?

— ஆமா. சொன்னா என்ன ஆகும்?

— ஒருத்தர் சொன்னாக்கூட கச்சேரியில விசாரணை வைக்கணும். அது முடியாம ஒரு குழாயும் எறங்காது. பீலிக்குக் கீழ தள்ளி அணை கட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க.

— அது எங்களுக்கு. ஒனக்கு என்ன ஆகும்?

— எனக்கென்ன.

— பொய் சொல்லாத. அணைக்கு நீதான் வாச்சர்னு தொர சொல்லியிருக்காராம். தனி வீடாம். அதுல ஒரு கரண்டு வெளக்காம். அழகம்மா இப்பவே அந்த வெளக்குக்குக் கீழ ஒக்காந்து அரிசி பொறுக்குறா.

— இடுப்பு ஒத்துழைக்கல மதினி. இனிமே தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய எடுத்தா நிமிர முடியாது. அதான் சரின்னேன். நீங்க அதப் பாக்காதீங்க. வாயத் தொறந்து சொல்லிருங்க.

— சொன்னா அந்த வேல?

— வேற ஆளப் போடுவாரு. போட்டாப் போகுது.

— போட்டாப் போகுதா? நீ வலியில மொனகுறது சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது. ஒங்கண்ணன் இருந்தா தம்பி சோத்துல மண்ணள்ளிப் போடுன்னா சொல்லுவாரு? நான் சொல்லல. பீலி போனாப் போகட்டும். எனக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்யுது. ஆனா நான் சொல்லல.

— மதினி, நான் சொல்றதக் கேளுங்க...

— கார் சத்தம் கேக்குது. கண்ணத் தொடச்சுக்கிட்டு நேரா நில்லு. கிளாக்கர் ஐயா எறங்குறாரு.

— என்ன மாயாண்டி, பலகை வடிவாத்தான் இருக்கு. இந்தமுறை ஆடு ஒண்டும் வரேல்லப் போல.

— வரலீங்க ஐயா.

— நல்லது. கழட்ட முதல் ஒரு கேள்வி இருக்கு, மறுமொழி எழுதோணும். உதில நிக்கிற மனுசி ஆர்? ஆட்சேபனை சொல்ல வந்தவவோ?

— இல்லீங்க சாமி. நான் இவனுக்கு மதினி. எனக்கு ஒண்ணும் இல்ல. குடத்த நெறச்சுக்கிட்டுப் போயிருவேன்.

— சரி. மாயாண்டி, இந்தத் தண்ணியைப் பாவிக்கிற ஆராவது சம்மதமில்லை எண்டு சொன்னவையோ? இல்லை எண்டு எழுதட்டோ?

— அப்பிடி எழுதாதீங்க ஐயா. ஒருத்தர் சொல்லியிருக்காரு.

— தம்பி, பேசாம இரு. ஐயா, அவன் பனியில நின்னு நின்னு ஏதோ ஒளறுறான்.

— சட்டம்னா சட்டம்தான் மதினி. கேட்டா சொல்லணும்.

— கொஞ்சம் பொறும் அம்மா. ஆர் அந்த ஆள்? பேர் வேணும். இந்தத் தண்ணியில அவருக்கு என்ன பாத்தியதை எண்டும் எழுதோணும்.

— பாத்தியதைய மொதல்ல எழுதிக்கங்க ஐயா. கித்துள் மரத்துக்குப் பின்பக்கம் தோள் குடுத்தவன். பேரு மாயாண்டி.