கூடாரத்தை நக்கிய கரடி

ஹென்றி ஃப்ரீசனின் மகன் கார்டன் ஃப்ரீசன், வயது 54, கம்பள வியாபாரம், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் காம்லூப்ஸில் ஆல்டர் தெருவில் வசிக்கும் நான், வனவிலங்கு அதிகாரி திருமதி ஹைடி பென்னர் முன்னிலையில், யாருடைய தூண்டுதலும் இன்றி, சொல்லப்போனால் என் மைத்துனரின் தூண்டுதலுக்கு நேர்மாறாக, கொடுக்கும் வாக்குமூலமாவது:

இந்த அலுவலக முற்றத்தில் இரும்புக் கூண்டில் அடைபட்டிருக்கும் கரடியை எனக்கு அடையாளம் தெரியும். வலது காது கிழிந்திருக்கும். ஆள் இருக்கும் கூடாரத்தைத் தாக்கிய கரடி என்றால் சுட்டுவிடுவார்கள் என்றும், தாக்கவில்லை என்று தெரிந்தால் மலைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவார்கள் என்றும் அதிகாரி சொன்னார். தாக்கியதாகத் தகவல் கொடுத்தவர் என் மைத்துனர் ராஸ். சம்பவத்தின்போது அவர் ஏரிப் பக்கமே இல்லை.

கடந்த வெள்ளிக்கிழமை மதியம் நானும் என் மனைவி டார்லீனும் எங்கள் நாய் பிக்கிளும் ஏரிக்கரை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிக்கிள் குட்டைக் கால், நீள உடம்பு, தன் நிழலைக் கண்டாலே என் பின்னால் ஒளியும் சுபாவம். புறப்படும்போது ராஸ் என்னிடம் கரடி ஸ்ப்ரே டப்பா ஒன்றைக் கொடுத்து, "மச்சான், இது உன்கிட்ட இருந்தா கரடி கிட்டவே வராது" என்றார். அது பாய்ந்து வரும் கரடியின் முகத்தில் அடிக்க வேண்டிய மிளகாய் மருந்து, பொருள்கள்மேல் அடித்தால் காய்ந்த வாசனையே கரடியை இழுக்கும் என்று டப்பாவில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. கம்பளக் கடைக்காரனுக்குத் தெரியாத ஸ்ப்ரேயா என்ற எண்ணம். அதன் பிறகு, உணவுப் பொருள் முழுவதையும் விதிப்படி முகாமின் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, கொசு மருந்து அடிப்பதுபோல் அந்த ஸ்ப்ரேயைக் கூடாரத்தின் நான்கு பக்கமும், கயிறுகளிலும், மிச்சத்தை வாசல் துணியிலும் அடித்தேன். என் சட்டைக் கையிலும் பட்டது. டார்லீன் இருமிக்கொண்டே, "கரடிக்கு வேலையே வைக்க மாட்டே போல. நீயே என்னக் கொன்னுடுவே" என்றாள். பிக்கிள் தும்மிக்கொண்டே காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் மூவரில் அதற்குத்தான் விவரம் இருந்தது.

அதன் பிறகு மறுநாள் காலை நான் அடுப்பருகே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பிக்கிளின் கயிற்றை என் முக்காலியில் கட்டியிருந்தேன். டார்லீன் கூடாரத்துக்குள் படுத்திருந்தாள். அப்போது அவள் உள்ளேயிருந்து, "கார்டன், நாயப் பிடி. டென்ட நக்கிக்கிட்டே இருக்கு" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். பிக்கிள் என் கால்களுக்கு நடுவில் இருந்தது. வாலைக் காணவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது மேற்படி கரடி, கூடாரத் துணியில் டார்லீன் தலை வைத்திருந்த பக்கத்தை, ஐஸ்கிரீமை நக்குவதுபோல் மேலும் கீழுமாக நக்கிக்கொண்டிருந்தது. துணி உள்வாங்கி உள்வாங்கி வந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் அடுப்பு மட்டும்தான். நான் குரலைத் தாழ்த்தி, "டார்லீன், பிக்கிள் எங்கிட்ட இருக்கு" என்றேன்.

"அப்ப இது யாரு?"

நான் ஸ்ப்ரே டப்பாவுக்காகக் கையைத் துழாவினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இருபத்தேழு வருட இல்லறத்தில் அவள் இரண்டாம் முறை கேட்காத கேள்வி அது ஒன்றுதான். ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அழுத்தினேன். காற்று மட்டும் வந்தது. காப்பி பொங்கி அடுப்பில் வழிந்ததைப் பார்த்தேன், கையை நீட்டி அடுப்பை அணைக்கத் துணிவில்லை.

அதன் பிறகு உள்ளே டார்லீன் ஒரு முறை விம்மும் சத்தம் கேட்டது. உடனே பிக்கிள் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடி, கரடியின் பின்னங்காலைக் கடித்தது. கரடி திரும்பி ஒரு கையால் தட்டியது. பிக்கிள் உருண்டு பழைய சாம்பல் குழியில் விழுந்தது. அதன் பிறகு கரடி என்னையும் நாயையும் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு முறை கூடாரக் கயிற்றை நக்கிவிட்டுக் காட்டுக்குள் நடந்து போனது. ஓடவில்லை, நடந்துதான் போனது. டார்லீன்மேல் ஒரு கீறல் கிடையாது. பிக்கிளுக்கு முதுகில் தையல். முதலில் கடித்தது பிக்கிள்தான்.

இன்று இங்கே வரும்போது ராஸ் என்னை வாசலில் மறித்து, "நக்குச்சுன்னு சொன்னேன்னா ஊரே சிரிக்கும்டா மச்சான். தாக்குச்சுன்னு சொல்லு, வீரனாயிடுவே" என்றார். காரில் பிக்கிளை மடியில் வைத்திருந்த டார்லீன், சம்பவத்துக்குப் பிறகு என்னிடம் முதல் முறையாக வாயைத் திறந்து, "ஊரு எப்பவுமே உன்னப் பாத்துச் சிரிக்குது. அதுக்காகக் கரடியச் சாகடிக்காதே" என்றாள்.

ஸ்ப்ரே வாசனைக்குத்தான் கரடி வந்தது என்று நான் சொன்னதை அதிகாரி முழுமனதாக நம்பாததால், ஸ்ப்ரே பட்டிருந்த அதே சட்டையைக் காரிலிருந்து எடுத்து வந்தேன். அதிகாரி துப்பாக்கியுடன் பக்கத்தில் நின்று, "கைய உள்ள விட்டுறாதீங்க, ஃப்ரீசன்" என்றார். சட்டைக் கையைக் கம்பியில் வைத்தேன். மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்த கரடி எழுந்து வந்து அதை நக்கத் தொடங்கியது. அதன் பிறகு அதிகாரி துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "இதையும் எழுதிக்கலாம்" என்றார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. ஓரிடத்தில் 'தாக்கிய' என்று இருந்ததை அடித்து 'நக்கிய' என்று திருத்தி, அருகில் என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) கார்டன் ஃப்ரீசன்

என் முன்னிலையில்: ஹைடி பென்னர்.
குறிப்பு: கரடியை மலைக்கு அப்பால் விட ஏற்பாடு செய்யப்பட்டது. சாட்சியின் சட்டை கூண்டுக்குள் போய்விட்டது. அவர் திரும்பக் கேட்கவில்லை.