வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் செங்கல் சூளைத் தொழிலாளர்களே, மறைந்த நம் அத்தையின் மருமகளே, வணக்கம்.

'சொறி அத்தை' என்றே அவரைக் கூப்பிட்டோம். குணப்படுத்தியவருக்கு நோயின் பெயரையே சூட்டிய ஊர் இது! அவர் கோபித்தாரா? "சொறி போனா சரி, பேரு என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

மருந்து அரைக்க அவருக்கு ஓர் அறை கேட்டு ஊர்க்காரர்கள் ஏழு முறை மனு கொடுத்தார்கள். தலைவர் அவர்களே, ஒன்றுக்காவது பதில் போட்டீர்களா? இன்று பூமாலையோடு வந்திருக்கிறீர்கள். இருக்கட்டும். உங்களைவிடப் பெரிய குற்றவாளி நான்.

நான் இந்த ஊர் அரசு மருத்துவர். சூளைக் குடியிருப்பில் சிரங்கு பரவியபோது, அரித்தவர்களுக்கெல்லாம் களிம்பு கொடுத்தேன். இரண்டே வாரத்தில் திரும்பி வந்தார்கள். பழியை அத்தையின் வேப்பிலை மஞ்சள் விழுதின்மேல் போட்டேன். அவரை உள்ளே விடக்கூடாது என்று சூளை முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். வாசலிலேயே மறித்தார்கள். "டாக்டருக்கு உடம்பைப் பார்க்கத் தெரியுது, படுக்கையைப் பார்க்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம். அந்தச் சொல்லை இரண்டு வருடம் மனதில் வைத்துக் கறுவினேன்.

பிறகு எனக்கே வந்தது. என் களிம்பை மூன்று முறை தடவியும் போய்ப் போய்த் திரும்பியது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அத்தையிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் கையைப் பார்க்கவே இல்லை.

"வீட்ல எத்தனை பேரு?"

"எனக்கு மட்டும்தான் அரிக்குது."

"நான் அதைக் கேக்கலையே தம்பி."

நாலு பேர். நாலு பேருக்கும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை விழுது. துணி, போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிநீரில். அரிக்காதவர் உடம்பிலும் அந்தப் பூச்சி குடியிருக்கும் என்பது நான் அடிக்கோடிட்டுப் படித்த வரி! தேர்வில் எழுதினேன்; சூளையில் மறந்தேன். அத்தை மறக்கவில்லை. ஒரு மாதம் என்னைத் தொடாமல் இருந்த என் மகள் மறுபடி என் கையைப் பிடித்து நடந்தாள் என்றால், அதற்கு யாருக்கு நன்றி சொல்ல?

கடிதத்தைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதைத் திரும்பப் பெறவில்லை. வீம்பு. அதற்குப் பிறகும் மூன்று வருடம் சூளை வாசலுக்கு வெளியே நின்றே, வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார். உள்ளே போகாமலே போய்விட்டார்.

நன்றி அத்தை. மன்னிப்புக் கேட்கும் காலம் கடந்துவிட்டது. இன்று காலைதான் அந்தக் கடிதத்தை ரத்து செய்து எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை உங்கள் மருமகள் விழுதோடு குடியிருப்புக்குள் போவார். நான் களிம்போடு கூடப் போவேன். வீடு விடாமல், ஆள் விடாமல் பார்ப்போம்.

மருமகளம்மா, யாராவது மறித்தால், மறிக்கச் சொன்ன டாக்டர் இதோ நிற்கிறான் என்று என்னைக் காட்டுங்கள்.