மூடுபனிக்குள் கத்திய கொம்பன்

என் பெயர் லைல் ஹாகன், வயது ஐம்பத்திரண்டு, மொண்டானா மாநிலம் டக்கர் ஓடைச் சாலையில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன். இறந்துபோன கார்டெல் புருயிட் என் தங்கை மார்லீனின் கணவர். நான் வேண்டுமென்றே அவர் மேல் அம்பு விட்டதாகத் தங்கை சொல்கிறாளாம். அதனால்தான், யாரும் வற்புறுத்தாமல், நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

செப்டம்பரில் வில் வேட்டை தொடங்கியதும் நாங்கள் இருவரும் எல்க் மானுக்காக மலையேறினோம். எல்க் இரவெல்லாம் கீழே புல்வெளியில் மேயும். விடியும்போது கத்திக்கொண்டே மேலே பைன் காட்டுக்கு ஏறி, பகலெல்லாம் நிழலில் படுத்துக் கிடக்கும். ஆகவே நான் மேலே காட்டோரத்தில், அவர் கீழே புல்வெளியோரத்தில், மூடுபனி விலகும் வரை இருவரும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று பேசிக்கொண்டோம். "நீ ஏறி வந்தா உன் காலடிச் சத்தத்துக்கே மான் அடுத்த மாநிலத்துக்கு ஓடிடும் மாப்ள" என்றேன். "உன் குறட்டைக்கே ஓடல, என் காலுக்கா ஓடப்போவுது? போ மச்சான்" என்றார்.

விடிந்தபோது நீட்டிய கை தெரியாத பனி. அதற்குள் கீழேயிருந்து ஒரு கொம்பன், பெரிய கொம்புள்ள ஆண் எல்க், கத்தியது. நான் ஊதுகுழலை வாயில் வைத்துக் கொம்பனைப் போலவே பதில் கத்தினேன். அதன் பிறகு அது கத்த நான் கத்த, மான்கள் ஏறும் அதே தடத்தில், அதே நிதானத்தில் நின்று நின்று அது என்னிடம் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு உடம்பே இல்லாதது போலிருந்தது, குரல் மட்டும்தான் இருந்தது. என் ஆயுளில் அப்படியொரு காலை வாய்த்ததில்லை அய்யா, சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பனிக்குள் பழுப்பாக ஒன்று அசைந்தது, அம்பை விட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் கார்டெல் கிடந்தார், கழுத்தில் அவருடைய ஊதுகுழல். படுக்கப் போகும் கொம்பன் என்று என் குரலை நம்பி, பேச்சை மீறி ஏறி வந்திருக்கிறார். நான் மட்டும் என்ன, அவர் குழலைக் கொம்பன் என்று நம்பிய அதே முட்டாள்தான். அம்பு தைத்த தொடையில் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டினேன், ரத்தம் நிற்கவில்லை, அந்த மலையில் தொலைபேசிக்குச் சிக்னலும் இல்லை.

அம்பு தைத்தது அவருக்குப் புரியவில்லை, எதன் மேலோ விழுந்துவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மேல ஒரு கொம்பன் நிக்குது மச்சான், என்னா குரல்டா அது! இங்க உக்காந்து அழுவாதே, விட்றாதே, போ" என்றார். அது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போறேன் மாப்ள" என்று பனிக்குள் நாலடி நடந்து, குழலை எடுத்து இன்னொரு தடவை கத்தினேன். "கேட்டியா?" என்றார் கார்டெல். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, மூச்சு இல்லை.

மார்லீன் என்னைப் பார்க்க மறுக்கிறாள். இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நான் சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன், கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) லைல் ஹாகன்