பாறையில் பதினொன்று

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆய்வகத்தில் டீ வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். அதனால் இதையும் எழுதியே தருகிறேன்.

அந்தப் பல்லியை முதலில் பார்த்தது நானில்லை, காட்டுக் காவலர் அண்ணன். சுண்டுவிரல் நீளம். ஓடையோரம் ஒரே ஒரு பாறையில் மட்டும் இருந்தது. இரண்டு வருடம் தேடியும் வேறெங்கும் கிடைக்கவில்லை.

"பதினொண்ணும்மா. தினம் எண்ணிடுவேன். பெத்த பிள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு கேக்கிறதில்ல, பல்லிக்கு மட்டும் ஆஜர் எடுக்கிறீங்களேன்னு வீட்ல ஒரே பாட்டு."

புதிய இனம் என்று அறிவிக்க நான்கு உடல்கள் போதும். அனுமதியோடுதான் எடுத்தேன். "பரவால்லம்மா, ஏழு இருக்குல்ல, பெருகிடும்" என்றார் அண்ணன்.

அப்போதுதான் வேறொரு நிறுவனத்தின் குழு வரப்போவதாகத் தெரிந்தது. அவர்கள் ஆய்வுக் கட்டுரையை வேகமாக எழுதி வெளியிடுகிறவர்கள். ஒன்று கிடைத்தாலும் முந்திக்கொள்வார்கள். எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான்.

அண்ணன் விடுப்பில் இருந்த நாளில் போனேன். ஏழையும் எடுத்தேன். மயக்க மருந்து தடவினேன், வலித்திருக்காது. வாலைப் பிடித்தால் அறுந்துவிடும் என்பதால் ஒன்றையும் வாலில் தொடவில்லை. பாறை இடுக்கில் ஒட்டியிருந்த இரண்டு முட்டைகள் பெயர்ந்து வரவில்லை. அவற்றை அங்கேயே நசுக்க வேண்டியதாயிற்று.

பல்லிகளைக் காணவில்லை என்று புகார் கொடுத்ததே அண்ணன்தான். அவரே பிடித்து விற்றிருப்பார் என்று மேலதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். விசாரணையில், "காவலர்மேல உங்களுக்கும் சந்தேகம் இருக்காம்மா?" என்று என்னைக் கேட்டார்கள். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவருக்கு வேலை போயிற்று. என் கட்டுரை வெளிவந்தது. அந்த இனத்துக்கு அவர் பெயரையே வைத்தேன். யாரும் சொல்லி அல்ல, நானாகத்தான் வைத்தேன்.

போன வாரம் ஆய்வக வாசலில் நின்றிருந்தார். கையில் பழைய டார்ச்.

"இன்னிக்கும் போய்ப் பாத்தேன்மா. ஒரு மழை பெஞ்சா வெளிய வந்துரும்ல?"

"வந்துரும்ண்ணே" என்றேன். தடுமாறாமல் வந்தது.

ஏழும் என் அலமாரியில், மேல்தட்டில், ஒரே பாட்டிலில் இருக்கின்றன. சாவியை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இது அண்ணனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். பாவம், அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.